இருநூற்று எண்பது மூச்சு

ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது மூச்சு. இந்த ஜூலை முதல் தேதியில் ஆயிரந்துளிக் குகைக்கு நான் தரவேண்டியிருந்த பாக்கி அது. மாதா மாதம் ரேஷன் கடையில் அரிசி வாங்கும்போதுதான் இந்தக் கணக்கும் வரும். கைரேகை வைத்தால் போதும், மேசை மேல் இருக்கும் சொல்லி பேச ஆரம்பித்துவிடும். சொல்லி என்பது எழுத்தைப் படித்துக் காட்டும் பெட்டி. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று ஓதிவிட்டு, கடைசியில் ஆளின் பெயரைச் சொல்லி, மூச்சுப் பாக்கி முழுவதையும் வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லும்.

எங்கள் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாததற்கு இந்தச் சொல்லிதான் காரணம். படித்துச் சொல்ல ஒரு பெட்டி இருக்கும்போது நமக்கெதற்கு எழுத்து என்று விட்டுவிட்டோம். நானும் நாற்பத்து நான்கு வயது வரை அப்படித்தான் இருந்தேன். 'படிக்கத் தெரிந்தவர்' என்று அட்டையில் பதிந்துவிட்டால் சொல்லி வாயைத் திறக்காது, சீட்டை மட்டும் நீட்டும் என்று கேள்விப்பட்ட பிறகுதான் பஞ்சாயத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மானத்துக்காகப் படித்த படிப்பு. முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல், பாக்கி.

அன்றைக்குச் சீட்டின் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. நிழலில் ஒதுங்கி நின்று இரண்டு தடவை படித்தேன். ஜூலை முப்பத்தொன்று மாலை ஐந்து மணியோடு ஆயிரந்துளிக் குகைக்கு நூறாண்டு ஓய்வு. அதன் பிறகு யாருக்கும் அனுமதி இல்லை.

வீட்டுக்குப் போய் மேகலாவிடம் சொன்னேன். அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நூறு வருசமா?"

"ஆமா."

"அப்ப எனக்கு நூத்தி அம்பத்து நாலு வயசாயிருக்கும்," என்றாள். "உங்களுக்கு அப்பவும் பாக்கி இருக்கும்."

மூச்சுச் சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. மனிதன் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரமும் கரியமில வாயுவும் சுண்ணாம்புக் கல்லில் படிந்து அதை அரிக்கிறது. லட்சம் வருடமாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல்லை, பத்து பஸ் நிறைய வந்த கூட்டம் மூச்சு விட்டே கருக்கிவிடுகிறது. முகமூடி மாட்டிப் பார்த்தார்கள். மூச்சை அடைக்க முடிந்தது, உடம்புச் சூட்டை அடைக்க முடியவில்லை. அதனால் குகை, ஓவியப் பாறை, கோயிலின் பழைய சித்திர அறை என்று மூடிய இடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, வாழ்நாளில் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு மூச்சு என்று அளந்துவிட்டார்கள். நிதானமாக விட்டால் எண்பது நிமிடம் வரும்.

ஜனங்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். இப்போது கல்யாண வீடுகளில் மொய் எழுதும்போதே "தாய்மாமன் சார்பில் முப்பது மூச்சு" என்று எழுதுகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மொய்யில் சேர்ந்த மூச்சை வைத்துக்கொண்டு எங்காவது ஒரு குகைக்குப் போய் வருவார்கள். அதிலும் முப்பது மூச்சு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மட்டும் ஏற்றிவிட்ட மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் உண்டு.

மேகலா தன் ஆயிரத்து இருநூறில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. யாருக்கும் மொய் எழுதியதும் இல்லை. "அவர் கட்டின குகையை அவரோடதான் பாப்பேன்," என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாயை அடைத்துவிடுவாள். குகையை நான் கட்டவில்லை. உள்ளே நடைபாதைக்குக் கல் பாவினேன். அந்த வித்தியாசம் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. பத்தொன்பது வருடமாக அவளுக்கு அந்தக் குகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுவர் முழுக்க வெள்ளைச் சேலை காயப்போட்ட மாதிரி கல்திரை, கூரையிலிருந்து துதிக்கை துதிக்கையாகத் தொங்கும் கல், பால் ஆடை படிந்த மாதிரி ஒரு குளம். அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

நான் கடன்பட்ட கதை இதுதான். அரியலூர்ப் பக்கம் சிமென்ட்டுக்குக் கல் தோண்டிய பழைய மைன்ஸ் குழியின் அடியில் அந்தக் குகை வாய் திறந்தபோது, நடைபாதை போடும் வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்தார். உள்ளே போகும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பட்டை கட்டினார்கள். மூச்சை எண்ணும் பட்டை. சட்டம் வந்த புதிது, எங்களுக்கு அது தெரியாது. பட்டை கட்டினால்தான் கூலி போட்டார்கள், ஆகையால் ஆஜர் எடுக்கிற இயந்திரம் என்றே நாங்கள் நாற்பது பேரும் நினைத்தோம். ஐந்து மாத வேலை. வேலையாட்களின் மூச்சுக்குக் காண்ட்ராக்டர் பணம் கட்டியிருக்கவேண்டும். அவர் கட்டவில்லை, கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார். மூச்சு எங்கள் பெயரிலேயே நின்றது. என் பெயரில் பதினான்கு லட்சத்துக்கு மேல்.

கடனைக் கழிக்க ஒரே வழி, குகைக்கு மேலே இருக்கும் கரட்டில் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அந்த வேர்கள் வழியாக இறங்கும் நீர்தான் உள்ளே கல்லாக வளர்கிறது. ஒரு நாள் வேலைக்கு ஆயிரத்து எண்ணூறு மூச்சு கழியும். மாதம் இரண்டு நாள் விடுவார்கள். விடியற்காலையில் ஏறி, பதினொரு மணிக்கு வெயில் சங்கு ஊதுவதற்குள் இறங்கிவிடவேண்டும். பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிறேன். இன்னும் பதினான்கு வருடம் இருந்தது. குகையை மூடினாலும் கடன் மூடாது.

"போய்க் கேளுங்க," என்றாள் மேகலா. "ஒரே ஒரு தடவை. கெஞ்சிக்கூடக் கேளுங்க. பக்கத்துல நான் இருக்க மாட்டேன், கூச்சப்படாமக் கெஞ்சுங்க."

மறுநாள் காலை மைன்ஸ் குழிக்குள் இறங்கி, குகை வாசலில் இருக்கும் மூச்சு அலுவலகத்துக்குப் போனேன். கணக்கு அலுவலர் நன்முகை. இருபத்தெட்டு வயது இருக்கும். மூடுவதற்கு முன் எல்லாக் கணக்கையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பாக்கி இருக்கிற கணக்குக்குக் கதவு திறக்காது. நான் மனசு வெச்சாலும் திறக்காது. கதவு என் பேச்சைக் கேக்காது," என்றாள்.

"ஒரு கால் மணி நேரம் மேடம். அதுக்குக் கூட ரெண்டு வருசம் தண்ணி ஊத்துறேன்."

"உங்களை நானே கூப்பிட்டு விடலாம்னு இருந்தேன். உக்காருங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். அலை அலையாக ஒரு கோடு ஓடியது. "இது நீங்க கல் பாவின வருசத்துல உங்க பட்டை. மார்ச் நாலாம் தேதியிலேருந்து பாருங்க. இதுக்கு மேல இன்னொரு கோட்டை வெக்கிறேன். இது உங்ககூட வேலை பாத்த சவரிநாதன் பட்டை."

இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேல் போய்ப் படிந்தது. விளிம்புகூடப் பிசகவில்லை.

"நீங்க மூச்சை இழுக்கும்போது அவரும் இழுக்கிறாரு. நீங்க விடும்போது அவரும் விடுறாரு. பத்தே முக்காலுக்கு நீங்க தும்முறீங்க. அவரும் தும்முறாரு."

"பக்கத்துப் பக்கத்துல வேலை பாத்தோம் மேடம். தூசி."

"அறுபத்து நாலு நாளுமா?"

"சரியான தூசி மேடம்."

அவள் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் மடித்துக்கொண்டாள். "ஐயா, அந்த அறுபத்து நாலு நாளும் உள்ள இருந்தது ஒரு ஆள். ரெண்டு பட்டை கட்டியிருக்காரு. ரெண்டுல எது இல்லாத ஆளோட பட்டைன்னு கட்டினவர் எழுதிக் கையெழுத்துப் போட்டா, அந்த மூச்சை ரத்து பண்ண எனக்கு அதிகாரம் இருக்கு. உங்களுதுன்னா ஆறு லட்சத்துப் பதிமூணாயிரத்து நூத்தியிருபது கழியும். உங்க பாக்கியைவிட அதிகம்."

"கட்டினவனுக்கு?"

"கூலி விஷயம் காலாவதி. ஆனா கட்டினவர் இப்ப துறையில வேலை பாக்கிறவரா இருந்தா..." சவரிநாதன் பதினாறு வருடமாக அந்தக் குகையில் வழிகாட்டி. அது அவளுக்கும் தெரியும். "பணிக்கொடையில பாதி போயிடும்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம்," என்று எழுந்துவிட்டேன்.

நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மார்ச்சில் மேகலா மாடியில் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, திருச்சி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அறுபத்து நான்கு நாள் அவள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, மூன்று நாள் போகாவிட்டால் வேலையும் இல்லை. "நீ போடா, உன் பட்டையையும் நானே கட்டிக்கிறேன்," என்றான் சவரி. சட்டைக்குள் இரண்டு பட்டை கட்டிக்கொண்டு, என் கூலியை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ஆஜர்தானே என்று இரண்டு பேரும் நினைத்தோம். அவன் விட்ட மூச்சு என் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது. எழுத்துக் கற்ற பிறகு பழைய சீட்டுகளை எடுத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் அவன் வழிகாட்டி வேலையில் சேர்ந்திருந்தான், அவன் மூச்சுக் கணக்கைத் துறையே ஏற்றுக்கொண்டிருந்தது. சொன்னால் அவன் வேலை போகும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். மேகலா என் முகத்தைப் பார்த்தாள்.

"கெஞ்சினீங்களா?"

"கெஞ்சினேன்."

"பொய். நீங்க கெஞ்சினா வந்து தண்ணி குடிப்பீங்க. இன்னும் குடிக்கல."

முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதை மறைப்பது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கோபப்பட்டது வேறு ஒரு விஷயத்துக்கு.

"அப்ப காண்ட்ராக்டர் சம்பளத்தோட லீவு குடுத்தாருன்னீங்க?"

"உன்கிட்ட அப்படிச் சொன்னேன்."

"பத்தொம்பது வருசமா ஆடி வெள்ளிக்கு அந்தாளு பேருக்குப் பொங்கல் வெக்கிறேன். மகராசன், என் உசிரைக் காப்பாத்தினவன், நல்லா இருக்கணும்னு. மூச்சுக் காசைக் கட்டாம ஓடினவனுக்கா? முந்திரி போட்டு வெச்சேங்க." அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சவரி அண்ணனுக்கு ஒரு தடவை டீ போட்டுக் குடுத்திருப்பேனா நான்?" என்றாள்.

"அவன்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது மேகலா. பாதிப் பணிக்கொடை போகும். சத்தியம் பண்ணு."

"கேக்க மாட்டேன்," என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவள் தலையில் இல்லை, என் தலையில்.

மறுநாள் காலை கண் விழித்தபோது அவள் வீட்டில் இல்லை. அடுப்படியில் நெய் வாசனையும் முந்திரி வறுத்த வாசனையும் அடித்தது. பெரிய தூக்கு வாளியைக் காணோம். ஒன்பது மணிக்கு வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"சத்தியம் பண்ணினல்ல?"

"நான் ஒண்ணுமே கேக்கல. பொங்கலைக் குடுத்தேன். அண்ணே, நீங்க ரெண்டு பட்டை கட்டினது நேத்துதான் எனக்குத் தெரியும், பத்தொம்பது வருசம் லேட்டாச் சொல்றேன், நல்லா இருங்கன்னு சொன்னேன். நன்றி சொல்லக்கூடக் கூடாதுன்னு சத்தியத்துல இல்ல."

"அவன் என்ன சொன்னான்?"

"நேத்து எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாரு. கேட்டா பதில் சொல்லணுமில்ல?"

பதினொரு மணிச் சங்குக்குச் சற்று முன்னால் சவரி வந்தான். வழிகாட்டிக்கான பச்சைச் சட்டை, வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"ஏன்டா, உனக்கு எழுத்துத் தெரிஞ்சு எத்தனை வருசம் ஆச்சு?"

"பதினாலு."

"பதினாலு வருசமா, என் மூச்சுக்கு நீ மலையேறித் தண்ணி ஊத்துறே. கீழ நான் தொப்பி போட்டுக்கிட்டு, வாங்க சார் வாங்க மேடம், மேல மரத்துக்குத் தண்ணி ஊத்துறவங்க பழைய கடன்காரங்கன்னு உன்னைக் காட்டிக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன். படிச்சவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாமா?"

"சொன்னா உன் வேலை போகும் மாப்ள."

"போகட்டுமே. எழுதிக் குடுத்துட்டு நேரா அங்கேருந்துதான் வரேன்."

"யாரைக் கேட்டு எழுதினே?"

"ரெண்டு பேருக்கு மூச்சு விட்டவன்டா நான். எனக்கே எழுதிக் குடுக்க உரிமை இல்லையா?" உள்ளே வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தான். "பாதிப் பணிக்கொடை. அவ்வளவுதானே. குகையே நூறு வருசம் தூங்கப் போவுது, நான் இன்னும் ரெண்டு வருசம் எங்கியாச்சும் காவல் வேலை பாத்துக்கிறேன். அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுது, ரெண்டு பட்டைல எது உங்களுது, எது அவருதுன்னு. அவன் பட்டை சின்னதும்மா, அவனுக்கு நெஞ்சு கிடையாது, எனக்கு அறுபத்து நாலு நாளும் இறுக்குச்சுன்னு சொன்னேன்."

மேகலா அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி டம்ளர் சர்க்கரை போட்டிருந்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு அந்தக் காண்ட்ராக்டரே தேவலாம்," என்றான்.

ஆக, என் பாக்கி போக இருநூற்று எண்பது மூச்சு என் கணக்கில் இருந்தது. பதினெட்டு நிமிடம். ஜூலையில் ஊற்றிய தண்ணீர் ஆகஸ்டு முதல் தேதிதான் கணக்கில் ஏறும் என்றாள் நன்முகை. மேகலாவின் மூச்சை எனக்கு எழுதினாலும் முப்பது நாள் ஆகும். உள்ளே ஒரு மூச்சு கூடினாலும் அதற்குத் தண்டத்தோடு சேர்த்துக் கணக்கு மறுபடி திறந்துவிடும் என்றும் சொன்னாள்.

சவரி கணக்குப் போட்டான். கதவிலிருந்து பெரிய கூடத்துக்கு ஆறு நிமிடம். போக தொண்ணூறு, வர தொண்ணூறு. கூடத்தில் நிற்க நூறு. "பேசாத. பேசினா ரெண்டு மூச்சு செலவாகும். வேகமா நடக்காத. ஆச்சரியப்படாத, அதுக்குத்தான் நெறையச் செலவாகும்."

ரத்து உத்தரவு வந்ததும், ஜூலை முப்பதாம் தேதி போனோம். மேகலா கல்யாணத்துக்கு வாங்கிய மாம்பழ நிறப் பட்டுச்சேலையை, அந்த வெயிலில், கட்டிக்கொண்டு, கையில் தூக்கு வாளியோடு வந்தாள். அலுவலகத்தில் எங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் பட்டை கட்டினார்கள். இப்போது அது மெல்லிய நாடா மாதிரி இருக்கிறது, மணிக்கட்டில் எண் தெரிகிறது. எனக்கு 280. அவளுக்கு 1200. சவரி முன்னால் நடந்தான். கதவு திறந்தது.

உள்ளே குளிர்ந்தது. வெளியே நாற்பத்தெட்டு டிகிரியில் காய்ந்த உடம்பு அந்தக் குளிரைத் தண்ணீர் மாதிரி குடித்தது. நாங்கள் போகப் போக முன்னால் விளக்கு எரிந்து, பின்னால் அணைந்தது. நான் மெதுவாக நடந்தேன். ஒரு கல், இரண்டாவது கல், மூன்றாவது கல். ஏழாவது கல் கொஞ்சம் ஆடும், தெரியும். பதினேழாவதில் மூலை உடைந்திருக்கும். இருபத்தொன்றுக்கு அடியில் ஜல்லி போதாமல் என் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்தேன். எல்லாக் கல்லும் அப்படியே இருந்தது.

பின்னால் மேகலா நின்றுவிட்டாள். "ஏங்க," என்றாள். எண்ணைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆள் அவள்தான். "ஏங்க, நீங்க சொன்னது இது இல்லையே. சேலை மாதிரின்னு சொன்னீங்க. இது சேலை மாதிரியா இருக்கு?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்து, சவரியின் விரல் உதட்டில் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவளிடம் சொல்லாமல் விட்ட விஷயம் இன்னும் ஒன்று இருந்தது. அந்த ஐந்து மாதமும் மேலே விளக்கடிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. வெளிச்சம் பட்டால் கல்லில் பாசி பிடிக்கும் என்று, தரையை மட்டும் காட்டும் விளக்கை நெற்றியில் கட்டிவிட்டார்கள். குனிந்து போனோம், குனிந்து கல் பாவினோம், குனிந்தபடியே வெளியே வந்தோம். எனக்குத் தெரிந்தது இந்தக் குகையின் தரை மட்டும். கல்திரை, துதிக்கை, பால் ஆடை எல்லாம் என்ஜினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தவளுக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று அதை வைத்து ஆரம்பித்தேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை.

அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள். "நீங்க பாத்ததே இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்ட மூச்சு செலவாகாது.

"ஒரு தடவைகூட?"

மறுபடி ஆட்டினேன். எண் 201 காட்டியது.

அவள் என்னை ஏச நிறைய மூச்சு வைத்திருந்தாள். ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெரிய கூடத்துக்குள் நுழைந்தபோது என் எண் 188. வழக்கம்போல என் கண் கீழே போயிற்று. நாங்கள் கடைசியாகப் பாவிய வட்டம் அங்கே இருந்தது, பொருத்து விடாமல், நீர் தேங்காமல். நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் தாடைக்கு அடியில் இரண்டு விரல் வந்தது. குழந்தைக்குப் பொட்டு வைக்கும்போது பிடிப்பதுபோலப் பிடித்து, என் முகத்தை மேலே தூக்கினாள்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பத்தொன்பது வருடமாகச் சொன்னது எதுவும் அங்கே இல்லை. கூரை முழுக்க, வைக்கோல் கனத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் குழல்கள் நேராகக் கீழ்நோக்கி நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. விழாத சொட்டு. விளக்கு ஒவ்வொரு சொட்டிலும் தனித்தனியாக எரிந்தது. நடுவில் அவற்றைத் தள்ளிக்கொண்டு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய தூண் இறங்கி வந்து, தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றிருந்தது. அந்த ஒரு சாணுக்கு இன்னும் பத்தாயிரம் வருடம் ஆகும் என்று சவரி மெதுவாகச் சொன்னான். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அது நான் ஊற்றிய தண்ணீராக இருக்குமோ என்று தோன்றியது. இருக்காது, இறங்க நூறு வருடம் ஆகுமாம்.

மேகலாவின் வாய் ஓயவில்லை. "அதோ பாருங்க, அந்த மூலையில உப்பு மாதிரி. அங்க பாருங்க, செவுத்துல சிப்பி. இதைப் போயித் துதிக்கைன்னு சொன்னீங்களே, வாய்க்கு வந்தபடி." அவள் காட்டிய இடமெல்லாம் பார்த்தேன். ஆச்சரியப்படாமல் இருக்கச் சொன்னவன் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினாறு வருடமாகத் தினமும் பார்த்தவன்.

"மாப்ள, தொண்ணூத்தாறு," என்றான். திரும்பினோம்.

திரும்பும்போது அவள் என்னைக் கீழே பார்க்க விடவில்லை. தாடையைப் பிடித்தபடியே கூட்டி வந்தாள். "கல்லு எங்க இருக்குன்னு உங்க காலுக்குத் தெரியும். நீங்க மேல பாருங்க." ஏழாவது கல் ஆடியது. கதவுக்கு வெளியே கால் வைத்தபோது என் மணிக்கட்டில் 2 என்று இருந்தது.

வெளியே வந்ததும் பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக விட்டேன். இருமல் வந்தது. யாரும் எண்ணவில்லை.

நன்முகை சீட்டை நீட்டினாள். சொல்லி வாயைத் திறக்கவில்லை. நானே படித்தேன். தங்கதுரை. பாக்கி இல்லை. கணக்கு முடிக்கப்பட்டது.

"ரெண்டு மூச்சு மிச்சம் வெச்சிருக்கீங்க ஐயா," என்றாள்.

"குகைக்கே இருக்கட்டும் மேடம்."

"அம்மா, உங்க கணக்குல எண்ணூத்தி எழுபத்தாறு இருக்கு. நீங்க ரொம்பப் பேசியிருக்கீங்க. ஆனாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேலயே வரும். நாளையோட முடியுது. நீங்க வேணும்னா இப்பவே இன்னொரு தடவை போயிட்டு வரலாம்."

மேகலா என்னைப் பார்த்தாள். அவரில்லாமல் போகமாட்டேன் என்று பத்தொன்பது வருடமாகச் சொந்தக்காரர்களை விரட்டியவள். இப்போதும் அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கடன் தீந்தது உங்களுக்கு. எனக்கு மூச்சு கெடக்குல்ல?" என்றாள். வாசலில் வைத்திருந்த தூக்கு வாளியை என் கையில் கொடுத்தாள். "நீங்க மரத்தடியில உக்காருங்க. வெயில் ஏறிப்போச்சு, தலையில துண்டைப் போட்டுக்கோங்க. வந்து சொல்றேன். உள்ளது உள்ளபடி சொல்றேன், உங்களை மாதிரி இல்ல. அண்ணே, வாங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சவரி என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். கதவு மூடியது.

நான் புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். சீட்டை இன்னொரு தடவை, எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தேன்.